புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே

பேத்திக்கு நான் பின்னிய முதல் ஸ்வெட்டரைப் போட்டுவிட ஒரு நிமிடம் ஆனது. கழற்றப் பத்து நிமிடம் ஆனது. இடது கை வெளியே வரவே இல்லை. குழந்தை வீறிட்டு அழுகிறாள். மகள் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்க்கிறாள். கைப்பகுதியை மெல்லப் புரட்டிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. உள்பக்கம் புள்ளிக்குப் புள்ளி குறுக்கே ஓடிய வெள்ளை நூல்களுக்குள் மூன்று விரல்கள் மாட்டியிருந்தன, கயிற்றுக் கட்டிலில் கால் மாட்டுவதுபோல. வெளியிலிருந்து பார்த்தால் அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த ஸ்வெட்டர். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். உள்பக்கமோ ஒட்டடை பிடித்த பரண்.

நான் மதுரைக்காரி. இந்த ஊரில் ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். மார்கழியில் விடியற்காலை கோலம் போட வருபவர்கள்கூடத் தலையில் ஒரு துண்டோடு சமாளித்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் இரண்டு ஊசியால் பின்னக் கற்றுக்கொண்டேன். பிறகு கல்யாணம், வங்கி வேலை, அதோடு அது போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு குரோஷா ஊசியை, அதாவது முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியை, கையில் எடுத்தேன், மேசை விரிப்பு, டிவி உறை என்று. மகள் பெங்களூரில் இருக்கிறாள். டிசம்பரில் அங்கே குழந்தைக்கு உண்மையாகவே ஸ்வெட்டர் வேண்டியிருக்கிறது. பிள்ளை பிறக்கும் முன்னே எதையும் தைத்து வைக்கக் கூடாது என்று சம்பந்தியம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பிறந்த குழந்தையைப் பழைய வேட்டித் துணியில்தான் சுற்ற வேண்டும், புதுத் துணியெல்லாம் அப்புறம். எனவே குழந்தை பிறந்த மறுநாள்தான் ஊசியைத் தொட்டேன்.

மகள் கேட்டது 'போல்கா டாட்'. போல்கா என்பது பொஹிமியாவில் பிறந்த ஒரு நடனம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவே அந்த ஆட்டத்துக்கு மயங்கிக் கிடந்தபோது, கடைக்காரர்கள் கண்ணில் பட்ட பொருளுக்கெல்லாம் அந்தப் பெயரை ஒட்டினார்கள். புள்ளித் துணிக்கு ஒட்டியது மட்டும் இன்றுவரை உரியவில்லை. எனக்குப் புள்ளி என்றால் சுங்குடிதான். என் அம்மாவிடம் அரக்குச் சிவப்பில் ஒரு சுங்குடிச் சேலை இருந்தது. வெள்ளைத் துணியில் கடுகளவு கடுகளவாக முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் அவிழ்த்தால், நூல் இறுக்கிய இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். மதுரையின் சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை அது. இப்போது கடையில் சுங்குடி என்று கிடைக்கும் பல சேலைகளில் முடிச்சே கிடையாது, மெழுகு அச்சும் திரை அச்சும்தான். முடிச்சுப் போட்டது என்றால் புள்ளியிருக்கும் இடத்தில் துணி லேசாகச் சுருங்கி எழும்பி நிற்கும்; ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. அந்தச் சேலையைப் போல ஒரு ஸ்வெட்டர் என்று மனத்தில் முடிவு செய்துகொண்டேன். அங்கே தொடங்கியது வம்பு.

முதல் தவறு கணக்கு நோட்டில் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, 9 கட்டம் அகலம், 9 கட்டம் உயரம் என்று அழகான வட்டம் வரைந்தேன். ஒரு கட்டம் ஒரு கண்ணி, அதாவது ஊசியில் விழும் ஒரு நூல் வளையம். பின்னி முடித்துப் பார்த்தால் வட்டம் இல்லை, யாரோ மேலே உட்கார்ந்துவிட்ட போண்டா. ஊசியை மாற்றினேன், நூலை மாற்றினேன், போண்டா போண்டாவாகவே இருந்தது. பிறகுதான் அளவுகோலை எடுத்து அளந்தேன். என் கையில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி வருகிறது. ஆனால் 10 செ.மீ. உயரத்துக்கு 30 வரிசை வேண்டியிருக்கிறது. அதாவது ஊசிப் பின்னலில் கண்ணி சதுரமே அல்ல, அகலம் அதிகம், உயரம் குறைவு. 9 கண்ணி என்பது 4.1 செ.மீ.; 9 வரிசையோ 3 செ.மீ.தான். 12 வரிசை வைத்திருந்தால் வட்டமாக வந்திருக்கும்.

உங்கள் கை இறுக்கம் வேறாக இருக்கும், எனவே என் எண்களை அப்படியே எடுக்காதீர்கள். 15 செ.மீ. சதுரத்தில் ஒரு துண்டு பின்னி, நனைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ. மட்டும் அளந்துகொள்ளுங்கள். ஓரத்தை அளக்க வேண்டாம், ஓரம் எப்போதும் பொய் சொல்லும். என் அளவுக்கு இரண்டு புள்ளிகள் நன்றாக அமைந்தன. சிறியது 5 கண்ணி அகலம், 7 வரிசை உயரம்: முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் 3 கண்ணி, நடுவே உள்ள ஐந்து வரிசையிலும் 5. பெரியது 7 கண்ணி, 9 வரிசை: 3, 5, பிறகு ஐந்து வரிசைக்கு 7, மறுபடி 5, 3. இரண்டிலும் தொடக்கம் 3 கண்ணி என்பதைக் கவனியுங்கள். ஒரே கண்ணியில் தொடங்கினால் சீட்டுக்கட்டின் டைமண்ட் வரும், புள்ளி வராது. குரோஷாவில் சிங்கிள் என்னும் குட்டையான தையல் ஏறக்குறையச் சதுரம். அதற்குக் கட்டம் போட்ட நோட்டு அவ்வளவாகத் துரோகம் செய்யாது.

வட்டம் சரியானதும் எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. இதற்கு நான் யாரிடமும் கேட்கவில்லை. வாசலில் ஐம்பது வருடமாகப் புள்ளி வைக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? நேர்ப்புள்ளி வைத்தால் சதுரங்கப் பலகை மாதிரி விறைப்பாகத் தெரியும். இடைப்புள்ளி வைத்தால், அதாவது மேல் வரிசைப் புள்ளி கீழ் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்தால், கண் எல்லாப் பக்கமும் ஓடும். துணியில் எப்போதும் இடைப்புள்ளிதான் அழகு. ஸ்வெட்டர் உடம்புக்கு 112 கண்ணி. 16 கண்ணிக்கு ஒரு புள்ளி என்றால் சுற்றிலும் 7 புள்ளி சரியாக உட்காரும். 16 இரட்டை எண் என்பதால் அடுத்த வரிசைப் புள்ளியை 8 கண்ணி தள்ளி வைக்கலாம். ஒற்றை எண்ணாக இருந்தால் பாதி அரைக் கண்ணியில் போய் நிற்கும். கணக்கு அவ்வளவு கச்சிதமாக அமைந்ததில் எனக்கு ஒரே பெருமை.

ஆனால் கோலத்தில் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே இருப்பது வெறும் தரை. மாவு எடுத்த விரல் தரைக்கு மேலே காற்றில் நகர்கிறது. பின்னலில் அப்படி நகர முடியாது. 5 கண்ணி வெள்ளை, பிறகு 11 கண்ணி சிவப்பு. அந்த 11 கண்ணி முழுவதும் வெள்ளை நூல் சும்மா பின்னால் காத்திருக்க வேண்டும். 11 கண்ணி என்பது என் கையில் 5 செ.மீ. குழந்தையின் விரல் மூன்றும் நுழைந்தது அந்த 5 செ.மீ. ஓட்டையில்தான்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுக் கூட்டத்தில் ஃபேர் ஐல் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. இரண்டு நிற நூலைச் சேர்த்துப் பின்னும் முறைக்கு அந்தத் தீவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்வெட்டர்களின் படங்களைப் பார்த்தால் எல்லாம் நெருக்கமான கோலங்கள். ஒரு நிறம் சில கண்ணிக்கு மேல் மறைந்திருப்பதில்லை. ஒரு வரிசையில் இரண்டு நிறத்துக்கு மேல் போவதும் இல்லை. தனித்தனியாகப் பெரிய புள்ளி ஏன் போடவில்லை என்று எனக்கு முன்பு தோன்றியதுண்டு. என் ஸ்வெட்டரைப் புரட்டிப் பார்த்த அன்று புரிந்தது.

பின்னால் ஓடும் நூல் 5 கண்ணிக்கு மேல் நீண்டால், வழியில் ஒருமுறை பின்னுகிற நூலோடு அதை முறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை நான் அறியாதவள் அல்ல, சோம்பல். முறுக்கும் இடத்தையும் வரிசைக்கு வரிசை மாற்ற வேண்டும். ஒரே நேர்க்கோட்டில் முறுக்கினால், சிவப்புக்கு நடுவே வெள்ளை எட்டிப் பார்த்து ஒரு கோடு தெரியும். இன்னொன்று, நூலை இழுக்கக் கூடாது. நிறம் மாற்றும் முன் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரலால் நன்றாகப் பரப்பிவிட்டு, அந்த அகலத்துக்குத் தளர்வாக நூலை விட வேண்டும். இறுக்கினால் புள்ளிகளுக்கு நடுவே துணி சுருங்கி, சுருக்கப்பை மாதிரி ஆகிவிடும். எந்த நூலைக் கீழாகக் கொண்டுபோகிறோமோ அந்த நிறம் முன்பக்கம் சற்று எடுப்பாகத் தெரியும் என்பதும் ஒரு நுணுக்கம். புள்ளியின் நூல் கீழே, தரையின் (பின்னணி நிறத்தின்) நூல் மேலே என்று தொடங்கிவிட்டால் கடைசிவரை மாற்றாதீர்கள். நான் நடுவில் மாற்றியதால் அந்த ஸ்வெட்டரில் முதல் மூன்று வரிசைப் புள்ளிகள் பூசினாற்போலவும் மற்றவை நோஞ்சானாகவும் இருக்கும். இப்போது அது அலமாரியில் இருக்கிறது. பிரிக்க மனம் வரவில்லை.

இந்த ஒரு ஸ்வெட்டர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது: எந்த முறையில் புள்ளி போடுவது என்பதைப் புள்ளி சொல்வதில்லை, நடுவே இருக்கும் தூரம் சொல்கிறது. சுங்குடியிலும் சாயம் ஏறுவது புள்ளியில் அல்ல, சுற்றியிருக்கும் இடத்தில்தான். அம்மாவின் சேலையை அத்தனை வருடம் பார்த்தும் இது எனக்கு உறைக்கவில்லை.

தூரம் மிகக் குறைவு, ஒன்றிரண்டு கண்ணி விட்டு ஒரு கண்ணி என்றால் இரண்டு நூலையும் சேர்த்தே பின்னலாம், எந்தத் தொல்லையும் இல்லை. நார்வேயின் செட்டெஸ்டால் பள்ளத்தாக்கில் கறுப்புத் தரையில் ஒற்றை ஒற்றைக் கண்ணியாக வெள்ளை தெளித்த ஸ்வெட்டர் பின்னுவார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் 'பேன் சட்டை'. கேட்டதும் எனக்கு அந்த ஊர்க்காரர்களைப் பிடித்துப்போயிற்று. பெயர் வைப்பது என்றால் இப்படி வைக்க வேண்டும்.

புள்ளிகள் நெருக்கமாகவும் உப்பலாகவும் வேண்டுமென்றால் இன்னொரு வித்தை உண்டு, அதில் ஒரு வரிசைக்கு ஒரு நூல்தான். தரை நிறத்தில் பின்னிக்கொண்டு வந்து, புள்ளியின் நிறத்தில் 4 வரிசை பட்டையாகப் பின்னிவிட்டு, மறுபடி தரை நிறத்துக்கு மாறும்போது நான்கு கண்ணிக்கு ஒரு கண்ணியை ஊசியிலிருந்து நழுவவிட்டு, அந்த 4 வரிசையையும் அவிழ விட்டு, கீழே இருக்கும் தரை நிறக் கண்ணியில் ஊசியை நுழைத்து மேலே இழுத்துப் பின்ன வேண்டும். பட்டை அங்கங்கே இழுபட்டு, நடுவில் மிஞ்சும் நிறம் நாணயம் நாணயமாக உப்பி நிற்கும். முதல் தடவை கண்ணியை வேண்டுமென்றே நழுவவிடும்போது அடிவயிறு கலங்கும். கண்ணி நழுவினால் தலையில் குட்டு வாங்கிய வகுப்பில் படித்தவள் நான். நூல் கொஞ்சம் அதிகம் இழுக்கும், துணி தடிக்கும். தொப்பிக்கும் மெத்தை உறைக்கும் நல்லது, குழந்தை ஸ்வெட்டருக்கு வேண்டாம்.

பெரிய புள்ளி, அதுவும் ஒன்றோ இரண்டோ என்றால் இன்டார்சியா. ஒவ்வொரு நிறப் பகுதிக்கும் தனித்தனி நூல் சுருள் வைத்துப் பின்னி, நிறம் மாறும் இடத்தில் இரண்டு நூலையும் ஒன்றையொன்று கடக்கவிட வேண்டும். கடக்க மறந்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும். சுருள் சுற்றுவதற்கு மொட்டை மாடியில் துணிக்குப் போடும் கிளிப்பே போதும். நூலைச் சுற்றிக் கவ்வவிட்டால் அவிழாது. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே வரிசையில் 4 புள்ளி என்றால் 4 வெள்ளை, இடையிலும் ஓரத்திலும் 5 சிவப்பு, ஆக 9 நூல். ஒருநாள் மதியம் 9 கிளிப்புகளோடு உட்கார்ந்தேன். மாலைக்குள் இரண்டு அங்குலம் பின்னியிருந்தேன், மிச்ச நேரம் சிக்கெடுத்தேன். முதுகில் ஒரே ஒரு பெரிய புள்ளிக்கு இதைவிட நல்ல முறை இல்லை. சிறு புள்ளிகளுக்கு இதைச் செய்கிறவர்களை நான் மரியாதையோடு தூரத்திலிருந்து பார்க்கிறேன்.

இடைவெளி அகலமான சிறு புள்ளிகளுக்கு, அதாவது என் ஸ்வெட்டருக்கு, வழி மிக எளிமையாக இருந்தது. புள்ளியைப் பின்னவே கூடாது. வெறும் சிவப்பில் ஸ்வெட்டரை முழுவதும் பின்னி முடித்துவிட்டு, அதன் மேல் ஊசி நூலால் புள்ளியைத் தைப்பது. ஊசிப் பின்னலின் முன்பக்கத்தைப் பார்த்தால் ஒவ்வொரு கண்ணியும் நெல்மணி இரண்டு சேர்ந்து கீழே கூர்மையாக முடிவதுபோல் இருக்கும். முனை மழுங்கிய கம்பளி ஊசியில் வெள்ளை நூலைக் கோத்து, அந்தக் கூர்முனையின் அடியிலிருந்து வெளியே எடுத்து, அதற்கு மேலே இருக்கும் கண்ணியின் இரண்டு கால்களுக்கும் பின்னால் நுழைத்து, மறுபடி அதே அடிமுனையில் இறக்க வேண்டும். அவ்வளவுதான். சிவப்புக் கண்ணியின் மேல் அச்சு அசலாக ஒரு வெள்ளைக் கண்ணி படுத்துக்கொள்ளும். நூலை இழுத்து இறுக்காமல் மெத்தையில் விரிப்புப் போடுவதுபோலப் படியவிட்டால், பின்னும்போதே போட்டதா பிறகு தைத்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. நூலின் பருமன் மட்டும் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மெல்லிய நூலில் தைத்தால் சிவப்பு வழியாக எட்டிப் பார்க்கும்.

என் சிறிய புள்ளியில் 31 கண்ணி. ஒரு புள்ளிக்கு ஒன்றரை முழம் நூல் போதுமானதாக இருந்தது, இரு நுனியிலும் மிச்சம் விடும் வால் உட்பட. இரவு செய்தி பார்த்துக்கொண்டே மூன்று புள்ளி வைத்துவிடலாம்.

இந்த முறையின் உண்மையான லாபம் வேறு. புள்ளியை எங்கே வைப்பது என்று ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அதற்கு நான் பயன்படுத்துவது ஒட்டுப் பொட்டு. கடையில் பெரிய அளவுப் பொட்டு அட்டை இரண்டு வாங்கி வாருங்கள். ஸ்வெட்டரைக் கட்டிலில் விரித்து, பொட்டுகளை ஒட்டி, அறையின் மறுகோடிக்குப் போய் நின்று பாருங்கள். எந்தப் பொட்டு பிசகுகிறது என்று உடனே தெரியும். நகர்த்தி நகர்த்தி ஒட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் மாற்று நிற நூலால் ஒரு முடிச்சு அடையாளம் வைத்துவிட்டுப் பொட்டுகளை அன்றே உரித்துவிட வேண்டும். இரண்டு நாள் விட்டால் பசை நூலில் ஏறிவிடும். தையல் ஓரத்தில் பாதிப் புள்ளி விழுவதையும், கழுத்துப் பட்டையை ஒட்டிப் புள்ளி நெருக்குவதையும் இப்படித்தான் தவிர்த்தேன். பெரியவர்களின் மேல்சட்டை என்றால், முன்பக்கம் புள்ளி எங்கெங்கே விழுகிறது என்று கண்ணாடி முன் ஒருமுறை நின்று பார்த்துவிடுங்கள். விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது ஸ்வெட்டர் அப்படித்தான் தயாரானது. உள்பக்கம் கையை விட்டுப் பார்த்தேன், மாட்டுவதற்கு ஒன்றுமில்லை. மகள் முதலில் செய்ததும் அதுதான்: புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தாள்.

குரோஷா கதை தனி. ஸ்வெட்டருக்குப் பொருத்தமாகத் தொப்பி பின்னலாம் என்று, வெள்ளைப் பருத்தி நூலில் சிவப்புப் புள்ளி வைத்துத் தொடங்கினேன். குரோஷாவில் ஒரு வசதி உண்டு. சும்மா இருக்கும் நூலைப் பின்னால் தொங்கவிட வேண்டியதில்லை. போடுகிற தையலுக்குள்ளேயே அதை வைத்து மூடிக்கொண்டு போகலாம். விரல் மாட்டும் பேச்சே இல்லை. நிறம் மாற்றும்போது மட்டும் ஒரு விதி: புதுத் தையலில் மாற்றக் கூடாது, அதற்கு முந்தைய தையலின் கடைசி இழுப்பிலேயே புது நூலைக் கொண்டுவந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புள்ளியின் ஓரம் எலி கடித்ததுபோல் இருக்கும்.

எனக்கு நேர்ந்தது இரண்டு தொல்லை. தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பின்னும்போது சிங்கிள் தையல் ஒன்றன்மேல் ஒன்று நேராக உட்காராது. வரிசைக்கு வரிசை வலப்பக்கம் சற்றுச் சாயும். 7 வரிசைப் புள்ளி காற்றில் அடித்த பலூன் மாதிரிச் சரிந்துவிட்டது. இதற்குத் தீர்வு, தையலின் மேல் சங்கிலியில் ஊசியைக் குத்தாமல், கீழே இரண்டு கால்களும் சேரும் நடுவில் குத்துவது. கை கொஞ்சம் வலிக்கும், ஆனால் தையல்கள் தூண் வைத்தாற்போல் நேராக அடுக்கும். இரண்டாவது தொல்லை, வெள்ளைத் தையலுக்குள் ஒளித்து வைத்த சிவப்பு நூல் முழுவதும் ஒளியவில்லை. தொப்பி தூரத்தில் ரோஜா நிறமாகத் தெரிந்தது. சற்றே சிறிய ஊசியில் இறுக்கிப் பின்னினால் ஓரளவு மறையும். அடர் நிறத் தரையில் வெளிர் புள்ளி வைத்தால் இந்தக் கவலையே பெரும்பாலும் கிடையாது. சுங்குடியின் பக்கமே மறுபடி வந்து நிற்கிறேன்.

தொப்பியைத் துவைத்த அன்று அது நிஜமாகவே ரோஜா நிறம் ஆனது. சிவப்புப் பருத்தி நூலின் சாயம் வெள்ளை முழுவதும் இறங்கிவிட்டது. எதிர்வீட்டு அக்கா வினிகரில் ஊறவைக்கச் சொன்னார். ஊறவைத்தேன், தொப்பி ஊறுகாய் வாசனையோடு அதே ரோஜா நிறத்தில் இருந்தது. வினிகர் உதவுவது கம்பளிக்குப் போடும் சில சாயங்களுக்குத்தான். பருத்திச் சாயத்தை அது பிடித்து வைக்காது. துணிக்கடையில் என் அம்மா விலை கேட்பதற்கு முன்பே "கெட்டிச் சாயமா?" என்று கேட்பார். மீனாட்சியம்மன் கோயில் எதிரே புது மண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் அவரோடு நூல் வாங்கப் போகும்போது எனக்கு அது வெட்கமாக இருக்கும். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. நானும் அதே கேள்வியைக் கேட்கிறேன். கேட்டாலும் நம்புவதில்லை. அடர் நிற நூலில் ஒரு சாண் வெட்டி, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் சுருட்டி இரவெல்லாம் ஒரு கனமான பாத்திரத்துக்கு அடியில் வைத்துவிடுகிறேன். காலையில் வெள்ளைத் துணி பதில் சொல்லும். அக்ரிலிக் நூலில் இந்தப் பயம் குறைவு, பருத்தியில்தான் அதிகம்.

நிறம் பற்றி இன்னொன்று. அரக்கும் பாட்டில் பச்சையும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் அழகாக இருந்தன. பின்னியபின் புள்ளி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நிறம் வேறானாலும் இரண்டும் ஒரே அளவு இருட்டு. இப்போதெல்லாம் இரண்டு நூல் உருண்டைகளையும் சேர்த்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்க்கிறேன். அதில் வேறுபாடு தெரியாவிட்டால் துணியிலும் தெரியாது.

குமிழ்ப் புள்ளியும் போட்டுப் பார்த்தேன். ஒரே கண்ணியில், சிங்கிளைவிட உயரமான டபுள் தையல் ஐந்தை முடிக்காமல் நிறுத்திவைத்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் சேர்த்தால் ஒரு உருண்டை எழும்பும். அது தானாகவே நமக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும் என்பதால், பின்பக்க வரிசை பின்னும்போது போட வேண்டும். இது தெரியாமல் முன்பக்கம் போட்டு, ஒவ்வொன்றையும் விரலால் குத்தி இந்தப் பக்கம் தள்ளிய நாட்களும் உண்டு. அமெரிக்கக் குறிப்பில் டபுள் என்பது பிரிட்டிஷ் குறிப்பில் ட்ரெபிள். எந்த ஊர்க் குறிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள், நான் சொல்வது அமெரிக்கக் கணக்கு. பேத்திக்குக் குமிழ்தான் மிகவும் பிடித்திருக்கிறது. வாயில் வைத்துச் சப்பி ஒவ்வொன்றாகச் சோதிக்கிறாள். அதனால் நூல் வாலை முடிச்சுப் போட்டு வெட்டாமல், மூன்று திசையில் மாற்றி மாற்றிச் செருகி முடிக்கிறேன்.

கடைசியாகப் போர்வை. 8 வரிசை, 10 பத்தி, மொத்தம் 80 சதுரம், ஒவ்வொன்றும் 10 செ.மீ. நடுவில் வெள்ளை வட்டம், சுற்றிலும் அரக்கு. வளையத்தில் 12 டபுள், அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு என்று 24. இவ்வளவுதான் புள்ளி. 24ஐ நான்கால் வகுத்தால் பக்கத்துக்கு 6. அதில் ஒரு கண்ணி மூலை. அரக்கு நூலில் மூலைக்கு உயரமான தையல், பக்கத்தின் நடுவில் குட்டையான தையல் என்று போட்டால் வட்டம் சதுரமாகிவிடும். தனி வட்டங்களைப் பின்னித் துணிமேல் தைக்க விரும்பினால் சிங்கிள் தையலில் 6, 12, 18 என்று ஏற்றுங்கள். ஆனால் கூட்டும் இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் நகர்த்த வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் அறுகோணம் வரும்.

சதுரம் ஒன்றுக்கு வெள்ளையில் இரண்டு வால், அரக்கில் இரண்டு. 80 சதுரத்துக்கு 320 வால். கடைசியில் மொத்தமாகச் செருகிக்கொள்ளலாம் என்று முதல் 30 சதுரத்தை அப்படியே குவித்து வைத்தேன். அந்தக் குவியலைப் பார்த்தாலே எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவேன். சாம்பார் பாத்திரம் தேய்ப்பதுகூட அப்போது இனித்தது. பிறகு நாளுக்கு 4 சதுரம், வால் செருகாமல் அடுத்ததைத் தொடக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். தொடக்க வாலை முதல் சுற்றுத் தையலுக்குள்ளேயே வைத்து மூடிவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிகிறது.

பின்பக்கத்துக்கு உள்துணி வேண்டியிருந்தது. அம்மாவின் சுங்குடிச் சேலை முந்தானையில் கிழிந்து, மடிப்பில் இற்று, ஆனால் நடுப்பகுதி நன்றாகவே இருந்தது. சேலையை வெட்ட மூன்று நாள் யோசித்தேன். வெட்டினேன். குரோஷா இழுபடும், பருத்தித் துணி இழுபடாது. அதனால் போர்வையைத் தரையில் விரித்து, துணியை இழுக்காமல் படியவைத்து, ஓரத்தை 1 செ.மீ. மடித்துக் கையால் தைத்தேன். நடுவிலும் நான்கு சதுரம் சேரும் மூலைகளில் அங்கங்கே ஒரு தையல் போட்டுப் பிடித்தேன், இல்லாவிட்டால் துவைத்ததும் துணி பை மாதிரித் தொங்கும். ஸ்வெட்டருக்கு இப்படி உள்துணி வைக்காதீர்கள், கை நுழையாது. சேலை முப்பது வருடம் துவைத்தது, அதில் இனிப் போகச் சாயம் இல்லை.

போன வாரம் மகள் படம் அனுப்பினாள். பால்கனியில் பாய் விரித்து, மேலே போர்வை, அதன் மேல் பேத்தி குப்புறப் படுத்துக் கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். போர்வை தலைகீழாகக் கிடந்தது. என் 80 புள்ளிகளும் பாயைப் பார்த்தபடி அடியில், மேலே சுங்குடி.

"என்ன, மாற்றி விரித்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

பெங்களூரில் அன்று வெயிலாம்.